பிரதியும் மீட்சியும்

கணிப்பொறியில் வைத்த கணக்குகள் அழியுமாயின், வேறிடத்திற் காத்த பிரதியினின்றும் அவற்றை மீட்கலாமென்று யாவரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய்க்கவும் கூடும் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பது உலகெங்கும் வழங்கும் தரவுத்தள மென்பொருள். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பணியினின்றும் வளர்ந்தது. அதன்கண் அட்டவணைகளும், கணக்கிடும் விதிகளும் தனித்தனிப் பகுதிகளில் அமையும். பெயரை மட்டும் சுட்டினால், எந்தப் பகுதிகளில் தேடுவதென்பதற்கு ஒரு தேடுவரிசை உண்டு.

நமது காஞ்சியில் ஏகாம்பரநாதர் சன்னிதியும் உண்டு. வரதராஜப் பெருமாள் சன்னிதியும் உண்டு. சின்னக் காஞ்சியில் நின்று ‘சன்னிதித் தெரு’ என்பார்க்கு வரதர் சன்னிதியே பொருளாம். ஆயினும் தீயோன் ஒருவன் அப்பெயர்ப் பலகையை வேறிடத்தில் நாட்டுவானேல், புதியவர் வழி தவறுவர். அம்மென்பொருளின் பொதுப் பகுதியிலும் எவரும் புதியன படைக்கலாமென்றிருந்தமையால், ஒருவன் போலி விதியொன்றை வைத்து, அதனை மேலதிகாரியின் உரிமையோடு இயங்கச் செய்தல் கூடுவதாயிற்று.

இக்குறை நீங்க 2018 மார்ச்சு 1-ஆம் தேதி ஒரு திருத்தம் வெளிவந்தது. அதுமுதல் பிரதியெடுக்கும் கருவி, தேடுவரிசையை வெறுமையாக்கி, பெயர்களை முழு விலாசத்துடன் எழுதலாயிற்று. ஆனால், பயன்படுத்துவோர் தாமே இயற்றிய விதிகளின் உள்ளே கிடந்த குறும்பெயர்களை அது மாற்றவில்லை. ஆகவே மீட்கும்போது, ‘அப்பெயருடையது இல்லை’ என்று வேலை தடைப்பட்டது. சில சுட்டிகள் உருவாகவில்லை. அத்தகைய விதிகொண்டு சோதித்தே பதியும் அட்டவணைகளில் தகவல்களே ஏறவில்லை. இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்திலோ குறையொன்றும் தோன்றவில்லை. பிரதியும் தடையின்றி எடுக்கப்பட்டது. மீட்கும் நாளிலேதான் குற்றம் வெளிப்பட்டது.

விதிகளுள் முழுப்பெயர் எழுதுவதும், விதியோடு அதற்குரிய தேடுவரிசையைப் பிணைத்துவிடுவதும் இதற்குப் பரிகாரங்கள். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு, புதிதாய் அமைக்கும் தரவுத்தளங்களின் பொதுப் பகுதியில் எவரும் படைக்கலாமென்னும் உரிமையையும் நீக்கிற்று.

திருத்தம் வேண்டாவென்பது எமது கருத்தன்று. களவுக்கு வழி அடைபடவே வேண்டும். ஆயினும், நெசவாளர் சங்கமொன்று பட்டு, சரிகை, கூலிக் கணக்குகளை இவ்வாறு வைத்திருப்பின், ஏழைத் தறிக்காரர்க்குச் சேரவேண்டிய கூலிக்கு அப்பிரதியே சாட்சியாகும். பிரதி எடுத்தாயிற்றென்று அமைந்திருத்தல் போதாது. திருத்தம் ஏற்றுந்தோறும் அதனை வேறொரு கணிப்பொறியில் மீட்டு, கணக்கொடு கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மீளாத பிரதி பிரதியாகாது.