ஆரஞ்சு உப்பும் பச்சை உப்பும்

சோடியம் டைகுரோமேட் ஆரஞ்சு நிறப் படிகம். தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும். கரைசலோடு கந்தக அமிலத்தையும் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் மொலாசஸையும் சேர்த்தால் ஆரஞ்சு மங்கி, கரும்பச்சையாகிறது. தோல் ஆலைகள் தோலைப் பதனிட மூட்டை மூட்டையாக வாங்கும் பேசிக் குரோமியம் சல்பேட் இப்படித்தான் தயாராகிறது. உலோகம் ஒன்றுதான், அதன் இணைதிறன் மட்டும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. உடம்புக்கோ இரண்டும் வேறு வேறு. ஆறு இணைதிறன் குரோமேட், சல்பேட்டைப் போன்ற வடிவம் கொண்டிருப்பதால் செல்லுக்குள் எளிதில் புகுந்து மரபணுவைச் சிதைக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. மூன்று இணைதிறன் குரோமியம் செல்லின் படலத்தைத் தாண்டவே திணறும். ஆகவே, குரோம் தோல் என்றாலே விஷம் என்று பேசுவது சரியல்ல. பச்சை உப்பு புழங்கும் தோல் தொட்டியைவிட, ஆரஞ்சு உப்பைத் தயாரித்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டையே இதற்குச் சாட்சி. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு உலையில் வறுத்து, குரோமேட்டை நீரில் கரைத்து எடுத்தபின் எஞ்சும் சக்கையிலும் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். அங்கே ஆரஞ்சு உப்பைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டபோது, இத்தகைய கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து நிலத்தடிக்கு இறக்கியது, நீர் மஞ்சளானது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கண்ணுக்கே மஞ்சள் தெரிகிற நீர் அதை எத்தனையோ மடங்கு மீறியது.

பச்சை உப்பும் ஆரஞ்சாக மாறாதா என்று கேட்கலாம். மாறும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு சிறிதளவு மாற்றும்; குரோம் தோல் துண்டுகளை எரித்தால் சாம்பலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகும். எனவே தோல் ஆலைகளுக்கு விலக்கு கேட்பதல்ல இந்த வாதம். குரோமை விட்டு, முன்பு தோல் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டைக்கே திரும்பலாமே என்றால், ஒரு நாளில் குரோம் முடிக்கும் வேலைக்குப் பட்டை வாரக்கணக்கில் எடுக்கும், வெந்நீரைத் தாங்கும் திறனும் பட்டைத் தோலுக்குக் குறைவு.

ராணிப்பேட்டைக் கழிவிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக்க இரும்பு சல்பேட் போன்ற மலிவான உப்பே உதவும். குவியலை அள்ளிப் பாதுகாப்பாகப் புதைக்கவும் நிலத்தடி நீரைத் தூய்மையாக்கவும்தான் பெரும் பணம் வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. மூடிய ஆலையிடம் வசூலிக்க முடியாவிட்டால், முதலில் அரசு செலவிட்டுச் சுத்தம் செய்யட்டும். வசூல் வழக்கைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்.