தாய்மாமனிடம் கேட்கும் எச்சில்

2021 டிசம்பர் 8. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. குன்னூர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட உள்ளே 14 பேர். 13 பேர் அன்றே இறந்தார்கள். ஒருவர் ஒரு வாரம் கழித்து.

சூலூர் வழியாக டெல்லிக்குப் போன 13 உடல்களில் முதலில் அடையாளம் தெரிந்தவை மூன்றுதான். 11ஆம் தேதி மேலும் ஆறு. மற்ற நான்கும் அதன் பிறகே. ஏறியவர்கள் பட்டியல் கையில் இருக்கும்போது ஏன் இந்தத் தாமதம்? பட்டியல் பெயர்களைச் சொல்லும். எந்தப் பெயர் எந்த உடலுக்கு என்று சொல்லாது. அதைச் சொன்னது டிஎன்ஏ.

நெருப்பு டிஎன்ஏவை உடனே ஒழித்துவிடுவதில்லை, நறுக்கிப் போடுகிறது. மேலே கருகினாலும் ஆழத்துத் தசையிலும் தொடை எலும்பிலும் கடைவாய்ப்பல்லுக்குள்ளும் துண்டுகள் மிஞ்சும். எலும்பின் நிறமே பாதி விடை. கருத்திருந்தால் நம்பிக்கை உண்டு. வெந்து வெளுத்துவிட்டால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். எலும்பைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து, கால்சியத்தைக் கரைத்து, மிச்சத்தைப் பிரிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டறிந்த முதல் டிஎன்ஏ அடையாள முறைக்கு ஆயிரக்கணக்கான எழுத்து (டிஎன்ஏவின் வேதி அலகு) நீளத்தில் சிதையாத டிஎன்ஏ வேண்டும். எரிந்த உடலில் அதற்கு எங்கே போவது? இப்போது பார்ப்பது, நான்கைந்து எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பி வரும் குறுகிய இடங்களை (எஸ்டிஆர்). சேலை எரிந்தாலும் கரையில் ஒரு சாண் தப்பினால், பூ எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிவிடலாமே, அப்படி. வழக்கமான சோதனையில் ஒரு துண்டு 450 எழுத்து வரை நீளும்; சிதைந்த மாதிரியில் அதே இடத்தை 150 எழுத்துக்குள் அடக்கிப் படிப்பது ‘மினி எஸ்டிஆர்’. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகள் இம்முறைக்கு வேகம் கொடுத்தன. அங்கே இறந்த 2,753 பேரில் சுமார் 40 சதவீதத்தினருக்கு இன்னும் அடையாளம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது வெறும் எண்கள். அவற்றுக்குப் பெயர் கொடுப்பது உயிரோடிருக்கும் உறவினர்தான். பெற்றோரோ பிள்ளையோ வந்தால் நல்லது. ஒவ்வொரு இடத்திலும் பாதி எண் கிட்டத்தட்ட எப்போதும் பொருந்தும். உடன்பிறப்பு என்றால் அந்த உறுதி கிடையாது. சராசரியாக நான்கில் ஓர் இடத்தில், பெற்றோரிடமிருந்து இருவருக்கும் வந்தது வேறுவேறாகவே இருக்கும்.

அதுவும் போதாதபோது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் தனி டிஎன்ஏ. செல்லுக்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் தீயிலும் சில தப்பும். ஆனால் அது தாய்வழியில் மட்டுமே இறங்கும். இறந்தவர் ஆண் என்றால் அவருடைய மகன் இதற்கு உதவமாட்டான், தாய்மாமன் உதவுவார்! சீர் செய்வதற்கு மட்டுமல்ல, இதற்கும் நம் ஊரில் அவரைத்தான் தேட வேண்டும். ஒய் குரோமோசோம் நேர் எதிர்: கொங்கு நாட்டுக் கூட்டம் போல அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. பங்காளிகள் பலருக்கு அது ஒன்றாகவே இருக்கலாம். அதனால் இன்ன வம்சம் என்று காட்டும், இன்ன ஆள் என்று காட்டாது.

இன்னொரு சிக்கலும் நம்முடையதே. உறவை எடைபோடும் அடிப்படைக் கணக்கு, தாயும் தந்தையும் சொந்தமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு ஒரே கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டியின் எண் இரு பக்கமிருந்தும் வரலாம். அந்தக் குடும்பத்துக்குள் பலருக்கும் எண்கள் ஒத்துப்போகும். கணக்கைத் திருத்தாமல் விட்டால், யாரோ ஒரு சித்தப்பா மகன் கூடப்பிறந்த தம்பியாகத் தெரியக்கூடும். ஆகவே மாதிரி எடுக்க வருபவர், கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விடும் முன் “சொந்தத்துல கட்டுனதுங்களா?” என்று கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதிக்கொள்வது நல்லது.