ஒருவருக்கு ஓர் ஆசிரியர்

வேற்றுமொழி கற்கும் தேவை இன்று எளிய இல்லங்களிலும் எழுந்துள்ளது. செவிலியர் பயிற்சி முடித்த மகள் ஜெர்மனிக்குச் செல்ல விழைகிறாள். அந்நாட்டில் செவிலியராக ஏற்பு பெறுவதற்கு ஜெர்மன் மொழியில் பொதுவாக 'பி 2' என்னும் நிலைத் தேர்ச்சி வேண்டும். பயிற்சிச் செலவிற்காகத் தாயின் நகை அடகுக்குப் போகிறது. தேர்வறையில் மகளின் நா தடுமாறினால் குடும்பமே தடுமாறும். ஆகவே, கூட்டு வகுப்பா, தனிப்பாடமா என்னும் வினா பெற்றோர் பொறுப்புடன் சிந்திக்கத்தக்கது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் அமர்ந்த வகுப்பு 60 நிமிடம் நடைபெறுகிறது. அதில் பாதி நேரம் ஆசிரியர் பேசினால், எஞ்சியது ஆளுக்கு ஒரு நிமிடமே. வாரத்தில் ஐந்து நாள் சென்றாலும் மாணவி வாய் திறப்பது ஐந்து நிமிடம். தனிப்பாடத்திலோ அந்த 30 நிமிடமும் அவளுக்கே உரியது. நீந்துவோரைக் கரையிலிருந்து பார்த்து எவரும் நீச்சல் கற்றதில்லை, மொழியும் அத்தகையதே.

பிழை திருத்தம் அடுத்த பயன். தமிழில் மேசை, விளக்கு, புத்தகம் யாவும் அஃறிணை. ஜெர்மன் மொழியிலோ மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் அல்லாத மூன்றாம் பால். நம் பிள்ளைகள் இடறுமிடம் இது. கூட்டத்தில் ஒருத்தியின் பிழை ஆசிரியரின் செவிக்கு எட்டாமலே போகலாம். தனிப்பாடத்தில் அது அந்தக் கணமே திருத்தம் பெறும். நகைப்பதற்குப் பிறர் இல்லாமையால், கூச்சமும் மெல்ல விலகும்.

இம்முறை புதியதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவருக்குச் சுப்பிரதீபக் கவிராயர் தமிழாசிரியராய் விளங்கினார் என்பது மரபு. அம்முனிவரே 1732-இல் 'சதுரகராதி'யைத் தந்தார். மாணவனின் ஐயம் எழுந்தபோதே ஆசிரியர் விடை பகரும் முறை அது.

1984-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார். தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் கற்றோருள் 100-க்கு 98 பேரை விஞ்சி நின்றான் என்றார். அங்குக் கற்பிக்கப்பட்ட பாடம் மொழியன்று; பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவுமில்லை. எனினும், தனிக்கவனத்தால் நன்மை உண்டென்பதை அவையும் உறுதி செய்தன.

ஆயினும் தனிப்பாடம் என்ற பெயர் மட்டும் போதாது. ஆசிரியரே நேரமெல்லாம் பேசினால் கட்டணம் வீணே. வாரத்திற்கு ஒருமுறை நீண்ட பாடத்தினும், அரைமணி நேரப் பாடம் மூன்று நன்று. ஒரே குரலுக்குச் செவி பழகிவிடாதபடி பிறர் பேச்சையும் கேட்டுப் பழகுதல் வேண்டும். முன்பணம் முழுவதையும் கட்டுமுன் ஓரிரு பாடங்களைச் சோதித்தறிவதும் விவேகம்.

பொருள் வசதியற்றோர் என் செய்வது? இலக்கணத்தைக் கூட்டு வகுப்பில் கற்று, பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் தனியாசிரியரை நாடலாம். அந்நாட்டில் பணிபுரிந்து திரும்பிய ஒருவர் அண்டையில் இருப்பின், மாலையில் அரைமணி நேரம் உரையாட வேண்டிக் கேட்கலாம். கைம்மாறாக, அவர்தம் பிள்ளைக்குக் கணக்கோ தமிழோ கற்பித்து உதவலாம்.

பெற்றோரே, நாம் அனைவரும் முதல் மொழியை வகுப்பறையில் கற்கவில்லை. நம் மழலையைச் செவிமடுத்து, பொறுமையோடு திருத்தியவர்களிடமே கற்றோம். இரண்டாம் மொழிக்கும் அத்தகைய செவி ஒன்று வாய்க்குமாயின், அடகு வைத்த நகை வீடு திரும்பும் நாளும் தொலைவில் இராது.