சொல்பவள் ஒருத்தி, எழுதுபவள் ஒருத்தி

1924இல் வெளிவந்த ‘இந்திரமோகனா’ நாடகத்தை அதன் ஆசிரியை தன் கைப்பட எழுதவில்லை. ஐந்தரை வயதில் கல்யாணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குக் கதை சொல்ல வரும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். பாடகி டி.கே. பட்டம்மாள் அல்ல, இவர் வேறு. இலக்கிய வரலாற்றில் அந்தக் கைக்கு அரை வரிக்கு மேல் இடமில்லை.

அடுத்த வருடமே கோதைநாயகி பத்திரிகை ஆசிரியர் ஆகிவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நடத்தி நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை 1925இல் கையில் எடுத்து, ‘வைதேகி’ நாவலைத் தொடராக ஓட்டினார். அதற்கு முன்னும் பெண்களுக்கென்று பத்திரிகைகள் உண்டு. 1905இல் வந்த ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியாரே ஆசிரியர். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஆண்கள் பேசினார்கள், பெண்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ‘ஜகன்மோகினி’யில் கணக்கு மாறியது. எதை அச்சேற்றுவது, எதை ஒதுக்குவது என்று தீர்மானித்தவர் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண். 115 நாவல்கள் எழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார், 1960இல் காலமானார். அந்த நாவல்களில் எத்தனை இன்றைக்குத் தாங்கும் என்பது தனிக் கேள்வி. என்னைக் கேட்டால், அவருடைய பெரிய படைப்பு அந்தப் பத்திரிகைதான்.

பிறகு வந்தது வார இதழ்களின் காலம். லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் என்று பெண் பெயர்களுக்காகவே இதழ் விற்றது. தொடர்கதை வந்த பக்கங்களைக் கிழித்து, தைத்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. போகப்போகப் பெண்களுக்கான இதழ் என்றால் கோலம், சமையல் குறிப்பு, அழகுக் குறிப்பு என்றாகி, கதைக்குக் கடைசிப் பக்கங்களில் ஓரிடம் மிஞ்சியது. விளம்பரக்காரர்களுக்கு அது வசதி.

இலக்கியத்தையே பிடிவாதமாக முன்னே நிறுத்திய பெண்கள் இதழ் வர இரண்டாயிரத்துக்குப் பின் ஆனது. குட்டி ரேவதி ‘பனிக்குடம்’ நடத்தினார், மாலதி மைத்ரி ‘அணங்கு’ நடத்தினார். பெண்கள் உடலைப் பற்றி எழுதுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் பெரிய கூச்சல் எழுந்திருந்த சமயம் அது. 2002இல் வந்த குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பின் தலைப்பே பலருக்குப் பொறுக்கவில்லை. திட்டியவர்களுக்கு மேடைகளும் பத்திரிகைகளும் தாராளமாகக் கிடைத்தன. எழுதியவர்கள் தங்கள் மேடையைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இலங்கையில் விலை இன்னும் பெரிது. யாழ்ப்பாணத்தில் ‘தோழி’ என்ற பெண்கள் இதழை நடத்திய கவிஞர் செல்வி 1991இல் கடத்தப்பட்டார், திரும்பி வரவில்லை.

துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட கவிஞர் சல்மாவின் கதை இன்று ஊரறிந்தது. ஒளிந்து எழுதிய கவிதைகளை அம்மாவின் உதவியோடுதான் வெளியே அனுப்ப முடிந்தது. 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். அவருக்கு எழுதத் தெரியும், வாசற்படி தாண்டத்தான் வழியில்லை. கோதைநாயகிக்கு எழுத ஒரு கை வேண்டியிருந்தது, சல்மாவுக்குக் கொண்டுபோக ஒரு கை. இரண்டு பேருக்கும் அது ஒரு பெண்ணின் கைதான்.

இப்போது ‘ஹெர் ஸ்டோரிஸ்’ என்ற பெண்களின் பதிப்பகம் வரலாறு முதல் அறிவியல் வரை பெண்களை எழுதவைக்கிறது. ‘ஊடறு’ இணையத்தில் நாடு கடந்து பெண்களைச் சேர்க்கிறது. காகித விலையும் தபால் செலவும் பழையபடி கழுத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் எழுதுபவள் கைப்பேசியும் எழுத்தும் உள்ளவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சத்தமில்லாமல் இருக்கத்தான் செய்கிறது.

சித்தேரியை வைத்து யோசித்தால் இது விளங்கும். தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து மேலே ஏறிப் போகும் கிழக்குத் தொடர்ச்சி மலை. சாமையும் கேழ்வரகும் விளையும் மலையாளிப் பழங்குடிகளின் சிற்றூர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். மலையடிவாரத்தில் இருப்பது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள்.

அந்தப் பெண்கள் பேசினார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மைதிலி சிவராமன் போன்ற மாதர் சங்கத்தாரும் ஊருக்கே போய்க் கேட்டு எழுதினார்கள். இங்கேயும் சொன்னவர்கள் வேறு, எழுதியவர்கள் வேறு. அந்தச் சொல் நின்றது: 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார்.

முப்பது வருடமாக அந்தப் பெண்களிடம் எல்லாரும் கேட்டது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். வக்கீல் கேட்டார், சி.பி.ஐ. கேட்டது, எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களும் அதையேதான் கேட்டோம். கேட்க வேண்டியதுதான், கேட்காவிட்டால் நீதி வந்திருக்காது. ஆனால் சாட்சிக் கூண்டில் நின்றவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. காட்டில் எது எந்த மாதம் காய்க்கும், மாமியார் எப்படிப்பட்டவள், கல்யாணத்தில் என்ன பாட்டு, எதற்குச் சிரித்தாள் என்பதெல்லாம் வாக்குமூலத்தில் வராது. வர வேண்டிய இடம் இலக்கியப் பத்திரிகை.

படகர் வாழ்க்கையைக் ‘குறிஞ்சித்தேன்’ நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணன், நீலகிரிக்குப் போய்ப் பார்த்துக் கேட்டுத்தான் எழுதினார். அந்த உழைப்பு பெரிது. இருந்தாலும் அட்டையில் இருப்பது கேட்டவர் பெயர், சொன்னவர்கள் பெயர் அல்ல. நம்முடைய பெண்கள் இதழ்கள் இதில் ஒரு படி மேலே போகலாம் என்று நினைக்கிறேன். படைப்பு தபாலில் வரும், மின்னஞ்சலில் வரும் என்று காத்திருப்பது நகரத்துப் பழக்கம். நீதிபதி போன பாதையில் ஓர் ஆசிரியர் குழு போனால் என்ன?

சித்தேரி மலையில் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பாட்டி சொல்ல எழுதிக் கொடுக்கப் பேத்திக்குக் கை வந்துவிட்டது. ஓர் இதழ் நான்கு பக்கம் ஒதுக்கட்டும். ஆசிரியர் என்ற இடத்தில் சொன்னவள் பெயரும், அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதியவள் பெயரும் வரட்டும். சன்மானம் இருவருக்கும், அச்சேறும் முன் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவது கட்டாயம். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காதே என்பார்கள். குரலைப் பதிவு செய்யச் சிக்னல் தேவையில்லை.