எலுமிச்சையில் சொறிநோய்: வீட்டுத் தோட்டத்தில் தடுக்கும் முறை

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் எலுமிச்சை, வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் ஏற்ற பழமரமாகும். கிணற்றடியில் நிற்கும் ஒரே மரம் ஒரு குடும்பத்தின் ஊறுகாய்க்கும் பானகத்துக்கும் வேண்டிய பழங்களை அளிக்க வல்லது. ஆயினும் இலையிலும் காயிலும் பழுப்புநிறச் சொறிகள் தோன்றியதும், மரம் கெட்டுவிட்டதெனக் கருதி அதனை வெட்டிவிட எண்ணுவோர் உளர். அது தேவையற்றது. காயின் சொறி தோலோடு நின்றுவிடும், சாற்றைக் கெடுக்காது. ஆனால் நோயை முற்றவிட்டால் இலைகள் உதிரும், குச்சிகள் நுனியிலிருந்து காயும், விளைச்சல் குன்றும்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வகைப் பாக்டீரியா. இலையில் முதலில் சிறு புள்ளிகள் உண்டாகி, பின்னர் தக்கை போலத் தடித்து, சொரசொரப்பாகின்றன. அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் காணப்படும். சொறிகள் நனையும்போது கிருமிகள் வெளிப்படுகின்றன. காற்றோடு கூடிய மழைச்சாரல் அவற்றை அடுத்த கிளைக்கும் அடுத்த மரத்துக்கும் கொண்டு செல்கிறது. இளந்தளிரின் நுண்ணிய துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் அவை உட்புகுகின்றன. இலைத்துளைப்பான் புழு தளிரில் வெள்ளிக்கோடு போன்ற வளைந்த தடங்களை உண்டாக்கும்; அத்தடங்களும் கிருமிக்கு வாயில்களே.

இவ்வட்டாரத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆகவே பாதுகாப்பு வேலைகளை மழைக்கு முன்னரே முடித்தல் வேண்டும். சொறி பரவிய பின் மருந்து தெளித்தால், தோன்றிவிட்ட சொறி மறையாது.

முதற்காப்பு நல்ல கன்றைத் தேர்ந்தெடுப்பதாகும். அமெரிக்காவின் பிளாரிடாவில் 1910ஆம் ஆண்டையொட்டி இந்நோய் புகுந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த நாற்றுகளின் மூலமே. அதனை ஒழிக்க எண்ணற்ற மரங்களையும் நாற்றுகளையும் எரிக்க நேர்ந்தது. எனவே ஒரு சொறியேனும் உள்ள கன்றை வாங்கலாகாது. திருப்பதி மாவட்டம் வெங்கடகிரியை அடுத்த பெட்லூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பாலாஜி' ரகம் இந்நோயைப் பெரிதும் தாங்கவல்லது.

விதையிலிருந்தும் நாற்று எடுக்கலாம். எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று நாற்றுகள் முளைப்பதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றுவதால் தாயின் குணங்களை அப்படியே பெறுகின்றன. ஒத்த வளர்ச்சியுள்ள நாற்றுகளை வைத்துக்கொண்டு, வேறுபட்டு நிற்பனவற்றையும் நலிந்தவற்றையும் நீக்குக. பள்ளிகளில் மாணவர்க்குச் செய்து காட்டத்தக்க எளிய பரிசோதனை இது.

வளர்ந்த மரத்தில், மே மாதத்தில் வானம் வறண்டிருக்கும்போது, சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்துவிட வேண்டும். பின்னர் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். பிரான்ஸில் திராட்சைக் கொடிகளின் நோய்க்காக 1880களில் உருவான இம்மருந்து, வீட்டில் தயாரிக்கக்கூடியதே.

மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றில் 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரில் கரைக்கவும். மற்றொன்றில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றி, 5 லிட்டர் நீர் சேர்த்து வடிகட்டவும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். துலக்கிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்திப் பார்க்கவும். செம்பு நிறம் படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். இல்லையேல் இலை கருகும். கலவையை அன்றே பயன்படுத்துக. மயில்துத்தம் நஞ்சாதலால் குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்தல் அவசியம். தெளித்த மரத்தின் பழங்களை நன்கு கழுவியே உபயோகிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் புதுத் தளிர் விடும்போதும், அக்டோபர் மழைக்கு முன்பும் மீண்டும் தெளிப்பது நலம். நீரை இலைமேல் பொழியாமல், அடிமரத்தையும் நனைக்காமல், சற்று விலகிய வட்டப் பாத்தியில் பாய்ச்சுக.

கள ஊழியர்கள் மே மாதத்திலேயே இவ்வேலையை ஒரு வீட்டு மரத்தில் செய்து காட்டினால், அண்டை வீட்டாரும் பின்பற்றுவர். ஒரு வீட்டில் மட்டும் நோயைத் தடுத்துப் பயனில்லை. சாரலுக்கு வேலி தடையன்று.