சுற்றுலா ஆய்வுக்கான பன்னாட்டு அறிஞர் அமைப்புகளின் ஆளுகை விதிகள்: மேல்மலையனூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுலா என்பது தனி ஆய்வுத்துறையாக வளர்ந்ததில் பன்னாட்டு அறிஞர் அமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வமைப்புகள் தத்தம் ஆளுகை விதிகளின்படி இயங்குகின்றன. யார் உறுப்பினராகலாம், அதிகாரம் யாரிடம் இருக்கும், முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பெறும், தவறு நேரின் யாரிடம் முறையிடுவது என்பனவற்றை அவ்விதிகளே தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை அவ்விதிகளின் அமைப்பையும் நோக்கத்தையும் விளக்குகிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலின் பரம்பரை அறங்காவலர் முறையோடு அவற்றை ஒப்பிட்டு, ஆய்வுக்கு உட்படும் ஊரின் மக்களுக்கு இவ்விதிகளில் உள்ள இடம் எத்தகையது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சுற்றுலா ஆய்வு, ஆளுகை விதிகள், பொதுப்பேரவை, பரம்பரை அறங்காவலர், மேல்மலையனூர், அமாவாசை வழிபாடு.

முன்னுரை

செஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மேல்மலையனூர் அமைந்துள்ளது. ஒவ்வோர் அமாவாசை இரவிலும் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்திற்குத் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் மக்கள் இங்குத் திரளுகின்றனர். மாசி மாதத்தில் மயானக் கொள்ளை, தீமிதி, தேரோட்டம் ஆகியவை அடங்கிய பெருவிழா நடைபெறுகிறது. எவலின் மேயர் அங்காளபரமேசுவரி வழிபாட்டையும் தொன்மங்களையும் ஆராய்ந்து 1986ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஆகவே, இவ்வழிபாட்டு மரபு பன்னாட்டு ஆய்வுலகிற்குப் புதியதன்று.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோ, ‘மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் மராட்டிய மாநிலத்திற்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. இதனால் இப்பகுதியைச் சுற்றுலா நோக்கில் ஆராயும் முயற்சிகள் பெருக வாய்ப்புண்டு. அவ்வாய்வுகளின் தரத்தையும் திசையையும் வகுக்கும் அறிஞர் அமைப்புகள் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பதை அறிவது இப்பின்னணியில் தேவையாகிறது.

1. அமைப்புகளின் தோற்றம்

சுவிட்சர்லாந்து அறிஞர்களான வால்டர் ஹுன்சிக்கர், குர்ட் கிராப் ஆகியோர் 1942இல் சுற்றுலாவிற்கு ஒரு வரையறை வகுத்தனர். வெளியூரார் ஓரிடத்திற்குப் பயணம் செய்து தங்குவதால் விளையும் உறவுகள், நிகழ்வுகள் ஆகியவற்றின் தொகுதியே சுற்றுலா. அத்தங்கல் நிலையான குடியிருப்பாகவோ பொருளீட்டும் தொழிலோடு பிணைந்ததாகவோ இருத்தல் கூடாது என்பது அவ்வரையறையின் சாரம். இவ்விருவரின் முன்முயற்சியால் 1951இல் சுற்றுலா அறிவியல் வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. இது சுவிட்சர்லாந்தை நிலைக்களனாகக் கொண்டு, ஆண்டுதோறும் வெவ்வேறு நாடுகளில் மாநாடு கூட்டி வருகிறது.

1988இல் ஸ்பெயின் நாட்டின் சான்டாண்டர் நகரில் சுற்றுலா ஆய்வுக்கான பன்னாட்டு அகாதெமி நிறுவப்பெற்றது. 1973 முதல் வெளிவரும் ‘அன்னல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்’ இதழைத் தொடங்கிய ஜாபர் ஜாபரி இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் 50ஆம் ஆய்வுக்குழுவும் பன்னாட்டுச் சுற்றுலாவிற்கெனச் செயற்படுகிறது.

2. ஆளுகை விதிகளின் உள்ளடக்கம்

2.1 சட்ட அடித்தளம்

பன்னாட்டு அமைப்பு என்று பெயர் கொண்டாலும், அரசுகளால் உருவாக்கப்படாத ஓர் அறிஞர் சங்கம் ஏதேனும் ஒரு நாட்டின் சட்டத்தில் ஊன்றி நிற்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் குடிமைச் சட்டத்தில் 60 முதல் 79 வரையுள்ள பிரிவுகள் சங்கங்களைப் பற்றியவை. நோக்கம், பொருள் வளம், அமைப்பு முறை ஆகிய மூன்றையும் எழுத்து வடிவிலான விதிகளில் குறித்துவிட்டால், அறிவியல், சமயம், கலை முதலிய நோக்கங்களுக்கான சங்கம் சட்ட ஆளுமை பெறுகிறது. அந்நாட்டில் பன்னாட்டுச் சங்கங்கள் பல அமைந்திருப்பதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டில் இத்தகைய சங்கம் அமைக்க விரும்புவோர் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும். ஏழு பேரேனும் சேர்ந்து சங்கக் குறிப்பையும் துணைவிதிகளையும் பதிவாளரிடம் அளிப்பர். நிருவாகக் குழுவில் மூவருக்குக் குறையாதோர் இருத்தல் வேண்டும். அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. எனவே, சுவிட்சர்லாந்துச் சட்டம் உறுப்பினர்தம் விருப்பத்திற்கும், தமிழ்நாட்டுச் சட்டம் பதிவாளரின் மேற்பார்வைக்கும் முதன்மை தருகின்றன எனலாம்.

2.2 உறுப்பினர் தகுதி

அறிஞர் சங்கம் ஒன்றன் இயல்பை அதன் உறுப்பினர் விதியே பெரிதும் காட்டும். வல்லுநர் சங்கம் சுற்றுலாவில் அறிவியல் அடிப்படையிலான பணியை எதிர்பார்க்கிறது. அகாதெமியோ இன்னும் இறுக்கமானது. அதன் செயல்நிலை உறுப்பினர் எண்ணிக்கை 75 என வரம்பிடப்பெற்றுள்ளது. இருக்கும் உறுப்பினர்கள் முன்மொழிந்து வாக்களித்தே புதியவரைச் சேர்க்கின்றனர். தாமாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திச் சேரும் வழக்கமான சங்க முறையிலிருந்து இது வேறுபட்டது.

எண்ணிக்கையை வரம்பிடுவதால் தரம் காக்கப்படுகிறது என்பது இம்முறைக்கு ஆதரவான வாதம். புதியோரைத் தேர்வோர் தாம் அறிந்த பல்கலைக்கழகங்களிலிருந்தும் தாம் படிக்கும் மொழிகளிலிருந்துமே தேர்வர் என்பது எதிர்வாதம். ஆங்கிலத்தில் எழுதாத ஓர் ஆய்வாளர் எத்துணைப் புலமை உடையவராயினும் முன்மொழிவோரின் பார்வைக்கு வருதல் அரிது.

2.3 பொதுப்பேரவையும் செயற்குழுவும்

சுவிட்சர்லாந்துச் சட்டப்படி பொதுப்பேரவையே சங்கத்தின் உச்ச அதிகார அமைப்பு. உறுப்பினரைச் சேர்த்தல், நீக்குதல், செயற்குழுவை அமர்த்தல், அதனைக் கண்காணித்தல் ஆகியன அதன் பணிகள். ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கோரினால் பேரவையைக் கூட்டியாக வேண்டும். உறுப்பினர் அனைவர்க்கும் சம வாக்குரிமை உண்டு. சங்கத்தோடு தமக்கோ, தம் வாழ்க்கைத் துணைக்கோ, நேர்வழி உறவினர்க்கோ வழக்கு அல்லது கொடுக்கல் வாங்கல் இருப்பின், அப்பொருள் குறித்து அவ்வுறுப்பினர் வாக்களிக்க இயலாது. சட்டத்திற்கோ விதிகளுக்கோ முரணான தீர்மானத்தை, அதற்கு இசையாத உறுப்பினர், அறிந்த நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சங்கத்தின் நோக்கத்தை மாற்றும்போது அம்மாற்றத்தை ஏற்குமாறு எந்த உறுப்பினரையும் வற்புறுத்தலாகாது.

சங்கத்தின் மாநாடு நாட்டுக்கு நாடு மாறுவதும், உறுப்பினர் பலர் தொலைவிலிருந்து வர இயலாமையும் செயற்குழுவின் கையை இயல்பாகவே வலுப்படுத்தும். அதற்கு எதிரான தடைகளாக இவ்விதிகள் அமைகின்றன.

3. விதியும் விருந்தோம்பும் அரசும்: ஒரு தமிழ்ச் சான்று

ஆளுகை விதிகளின் பயனைத் தமிழுலகம் நேரில் கண்டதுண்டு. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும் நடைபெற்றன. மாநாட்டை நடத்துவது மன்றம். செலவை ஏற்று விருந்தோம்புவது பெரும்பாலும் அரசு.

2009இல் தமிழக அரசு ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோவையில் நடத்த முன்வந்தபோது, அன்றைய மன்றத் தலைவர் நொபுரு கரசிமா ஆய்வுத் தரத்திற்குப் போதிய கால அவகாசம் தேவை எனக் கருதி உடன்படவில்லை. அரசு 2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டைத் தனித்து நடத்தியது. மன்றத்தின் ஒன்பதாம் மாநாடு 2015இல் கோலாலம்பூரில் கூடியது. மாநாட்டின் பெயரும் வரிசை எண்ணும் யாருக்கு உரியவை என்பது விருந்தோம்பும் அரசின் வலிமையால் தீர்மானிக்கப்படவில்லை. சுற்றுலாத் துறையும் பயண நிறுவனங்களும் புரவலராக அமையும் சுற்றுலா ஆய்வு மாநாடுகளுக்கு இச்சான்று மிகவும் பொருந்துவதாகும்.

4. மேல்மலையனூரின் ஆளுகை முறை

மேல்மலையனூர்க் கோயிலில் பூசை உரிமையும் அறங்காவலர் உரிமையும் பர்வதராசகுலத்தாரிடம் பரம்பரையாக இருந்து வருகின்றன. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ளது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், பரம்பரை உரிமையாலோ வழக்காற்றாலோ நிறுவியவர் செய்த ஏற்பாட்டாலோ பதவி வழிவழியாகச் செல்லும் அறங்காவலரையே பரம்பரை அறங்காவலர் என வரையறுக்கிறது. அப்பதவி காலியானால் மரபு வரிசையில் அடுத்தவர் அதற்குரியவர் ஆகிறார். பரம்பரை முறை இல்லாத கோயில்களில் மூவர் முதல் ஐவர் வரை அறங்காவலர் அமர்த்தப்படுவர்; அவருள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இடம்பெறுதல் வேண்டும்; பதவிக்காலம் இரண்டாண்டு. இருவகைக் கோயில்களின் கணக்குகளும் தணிக்கைக்கு உட்பட்டவை.

அறிஞர் சங்கத்தில் உரிமை வாக்கினால் வருகிறது. பரம்பரை அறங்காவலர் முறையில் பிறப்பினால் வருகிறது. இவ்வேறுபாடு அடிப்படையானது. ஆயினும் 75 பேர் கொண்ட அகாதெமியும் ஒரு வரையறுத்த வட்டமே. உள்ளிருப்போரே அடுத்தவரை உறுதி செய்கின்றனர். பரம்பரை அறங்காவலரைக் கேள்வி கேட்க அரசுத் துறையும் நீதிமன்றமும் உள்ளன. அறிஞர் சங்கத்தின் செயற்குழுவைக் கேள்வி கேட்கும் உரிமையோ அச்சங்கத்தின் உறுப்பினர்க்கே உரியது. அச்சங்கத்தார் ஆராயும் ஊரில் வாழ்வோர்க்கு அவ்வுரிமை இல்லை.

5. எண்ணப்படாத பயணி

இவ்வின்மை ஆய்வின் முடிவுகளையும் பாதிக்கக்கூடும் என்பதற்கு அமாவாசை இரவே எடுத்துக்காட்டு. 2008ஆம் ஆண்டின் சுற்றுலாப் புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிந்துரைகள், ஓராண்டுக்குக் குறைவாகத் தம் வழக்கமான சூழலுக்கு வெளியே பயணம் செய்வோரைப் பயணிகளாகக் கொள்கின்றன. சமய வழிபாட்டையும் பயண நோக்கங்களுள் ஒன்றாக ஏற்கின்றன. இரவு தங்குவோர் சுற்றுலாப் பயணி. அன்றே திரும்புவோர் ஒருநாள் பயணி. வழக்கமான சூழலின் எல்லையைப் பயணத்தின் அடிக்கடித்தன்மை, தொலைவு முதலியவற்றைக் கொண்டு நாடுகள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

மேல்மலையனூருக்கு வருவோருள் பலர் மாலையில் வந்து, நள்ளிரவு ஊஞ்சல் கண்டு, கோயில் வெளியிலேயே அமர்ந்தோ படுத்தோ இரவைக் கழித்து, விடியற்காலைப் பேருந்தில் திரும்புகின்றனர். அவர்கள் இரவு தங்கியவர்களே. ஆயினும் எந்த விடுதியின் பதிவேட்டிலும் அவர்தம் பெயர் இராது. மாதந்தோறும் வருவோரையோ வழக்கமான சூழலுக்குள் வந்துசெல்வோர் என்று கூறிக் கணக்கிலிருந்தே விலக்கிவிட இடமுண்டு. விடுதிப் பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வு மேல்மலையனூரைச் சிறிய சுற்றுலாத் தலமாகவே காட்டும். குடிநீர், கழிப்பறை, கூடுதல் பேருந்து ஆகியவற்றுக்கான திட்டமிடல் அவ்வெண்ணிக்கையைச் சார்ந்திருப்பின் இழப்பு பயணிக்கும் ஊராருக்குமே.

அமாவாசைக் கூட்டத்தின் அளவையும் ஓட்டத்தையும் அறிந்தோர் பூசாரிகள், கடைக்காரர்கள், பேருந்து நடத்துநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோர். ஆய்வில் அவர்கள் தகவலாளராக இடம்பெறுகின்றனர். ஆய்வின் கேள்விகளை வகுப்போராக இடம்பெறுவதில்லை.

6. விதிகளில் இடம் காணும் வழிகள்

இதனைச் சீர்செய்யும் முன்மாதிரிகள் முற்றிலும் இல்லாமலில்லை. 1970இல் மெக்சிகோ நகரில் ஏற்கப்பெற்ற உலகச் சுற்றுலா அமைப்பின் சட்டம், முழு உறுப்பினர், இணை உறுப்பினர், சார்பு உறுப்பினர் என மூவகையை வகுத்தது. அரசு அல்லாத அமைப்புகளுக்குச் சார்பு உறுப்பினர் நிலை வழிதந்தது. அவ்வமைப்பு 1999இல் ஏற்ற சுற்றுலா அறநெறிக் கோவையின் ஐந்தாம் பிரிவு, உள்ளூர் மக்கள் சுற்றுலாச் செயற்பாடுகளில் இணைக்கப்பெற்று, அதன் பயன்களில் நியாயமான பங்கு பெற வேண்டும் என்கிறது. சுற்றுலாத் தொழிலுக்குப் பொருந்தும் இந்நெறி சுற்றுலா ஆய்வுக்கும் பொருந்துவதே முறை.

வாக்குரிமை அற்ற ‘தல உறுப்பினர்’ என்னும் நிலையை அறிஞர் சங்கங்கள் தம் விதிகளில் சேர்க்கலாம். இதனால் ஆய்வுத் தரம் குறித்த முடிவு அறிஞரிடமே இருக்கும். ஊராரின் கருத்துரை பதிவும் பெறும். கோயில் நிருவாகமோ வணிகர் குழுவோ தமக்குச் சாதகமான முடிவை நாடக்கூடும் என்னும் ஐயம் நியாயமானது. தம்மைச் சார்ந்த பொருளில் வாக்களிக்கலாகாது என்னும் முற்கூறிய விதியின் நோக்கம் அவ்வையத்திற்கு விடையாகிறது: கருத்துரைக்கும் உரிமையையும் முடிவெடுக்கும் உரிமையையும் பிரித்து வைத்தல் வேண்டும்.

முடிவுரை

• அறிஞர் சங்கம் ஒன்றன் உறுப்பினர் விதி, யாருடைய அறிவு ஆய்வாக ஏற்கப்படும் என்பதையும் மறைமுகமாகத் தீர்மானிக்கிறது.

• பொதுப்பேரவை, சம வாக்குரிமை, முறையீட்டு உரிமை ஆகியன உறுப்பினரைக் காக்கின்றன. விருந்தோம்புவோரின் அழுத்தத்திலிருந்து ஆய்வைக் காக்கவும் ஆளுகை விதிகள் உதவுகின்றன என்பதற்கு உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் வரலாறு சான்றாகிறது.

• ஆய்வுக்கு உட்படும் ஊரின் மக்களை இவ்விதிகள் காப்பதில்லை. மேல்மலையனூரின் அமாவாசைப் பயணி கணக்கில் விடுபடும் வாய்ப்பு அதன் விளைவுகளுள் ஒன்று.

• ஆய்வு முடிவுகளை அவ்வூர் மக்களின் மொழியில் அவர்களிடமே அளித்தல் வேண்டும் என்பதை அமைப்புகள் விதியாக்கலாம். செஞ்சியை நோக்கி ஆய்வாளர் வருகை பெருகவிருக்கும் இக்காலத்தில், தமிழகப் பல்கலைக்கழகங்கள் இக்கோரிக்கையை முன்வைப்பது பொருத்தமாகும்.