தெரியுமா? காஞ்சிபுரத்துக் கூடத்தில் ஒரு கடல் மீன்!

சாயங்காலம் வேலை முடிந்து வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால், கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பச்சைப் பாசியில் உதட்டு அடையாளங்கள் வரிசை வரிசையாக இருக்கும். முத்தமிட்டுப் போனவர் யார் தெரியுமா? பிளென்னி! ஐந்தரை அங்குலத்தைத் தாண்டாத கடல் மீன். கடைக்காரர்கள் 'லான்மோவர் பிளென்னி' என்பார்கள், அறிவியல் பெயர் சலாரியஸ் ஃபேசியேட்டஸ். செங்கடலில் தொடங்கி பசிபிக் பெருங்கடலின் சமோவா தீவுகள் வரை பவளத்திட்டுகளில் வாழ்கிறது.

கடலே இல்லாத காஞ்சிபுரத்தில் இதை வளர்க்க முடியுமா? தாராளமாக முடியும்! தண்ணீரும் காஞ்சியும் புதுச் சொந்தமா என்ன? கச்சபேஸ்வரர் கோயிலில் திருமால் ஆமை வடிவெடுத்துச் சிவனைப் பூஜித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அனந்த சரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு சயனித்திருந்த அத்தி வரதர் 2019இல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி நீருக்குள் போய்விட்டார். அந்த ஊரில் ஒரு மீன் உப்புத் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாமே!

சரி, அந்த முத்தம் எப்படி விழுகிறது? பிளென்னியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் காஞ்சிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். தறியில் ஊடை நூலை நெருக்கி அடிக்கும் அச்சு இருக்கிறதே, அதே மாதிரி மெல்லிய பற்கள் நெருக்கமாக நிற்கின்றன. அதுவும் நம் பல்லைப் போல எலும்பில் ஊன்றியவை அல்ல, ஈறிலேயே அசையக்கூடியவை! தடித்த உதட்டைக் கண்ணாடியில் பதித்து ஒரு சுரண்டு சுரண்டி, மேல் பூச்சை வழித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவிவிடும். நாளெல்லாம் இதே வேலை.

பாசிதான் சாப்பிடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம் இல்லையா? ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இந்த வகைப் பிளென்னிகளின் வயிற்றை ஆராய்ந்து பார்த்தபோது அங்கே அதிகம் இருந்தது பாசி அல்ல! பாசிக்கு இடையே தங்கும் மட்கிய துகள், அழுக்குப் படிவு. பாசிக்குள் கிடக்கும் வண்டலைத் தேடித்தான் அவ்வளவு சுரண்டலும். 'பாசியை ஒழிக்க ஒரு பிளென்னி விடுங்கள்' என்று கடையில் சொல்வதை நம்பிப் பளபளக்கும் புதுத் தொட்டியில் விட்டால் மீன் பட்டினிதான் கிடக்கும். அடையாளம் சொல்கிறேன்: பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கி, வயிறு உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் ஆபத்து. நல்ல பிளென்னிக்கு எப்போதும் தொப்பை உண்டு!

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். பொரி உதவாது. ஸ்பைருலினா கலந்த தீனியும் காய்ந்த கடற்பாசியும்தான் வேண்டும். ஜப்பானிய நோரித் தாளை வாங்கி ஒரு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டிப் போடுவது உலக வழக்கம். நம் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் கடற்பாசிகளில் கஞ்சிப்பாசி என்றே ஒன்று இருக்கிறது, தெரியுமா? மனிதர்களே கஞ்சி காய்ச்சிக் குடித்த பாசி அது.

இந்த மீனுக்குச் செதிலே கிடையாது! உடம்பு முழுக்க வழவழக்கும் சளிப்படலம்தான் கவசம். பெரும்பாலான மீன்களை நீரில் மிதக்கவைக்கும் காற்றுப்பை வளர்ந்த பிளென்னிகளுக்கு இல்லாமலே போகிறது. அதனால் மிதக்காது, உட்காரும். நெஞ்சுக்குக் கீழே உள்ள இரண்டு சின்னத் துடுப்புகளை ஊன்றிக்கொண்டு, கல் மேல் முழங்கை வைத்துத் திண்ணையில் சாய்ந்த பெரியவர் தோரணையில் வீட்டு நடமாட்டத்தைக் கவனிக்கும். ஒரு கண் உங்களைப் பார்க்கும், மறு கண் அதே நேரத்தில் தீனி டப்பாவைப் பார்க்கும். கண்களுக்கு மேலே மரக்கிளைபோல் பிரிந்த இரண்டு குஞ்சங்கள் வேறு. பயந்தால் பொந்துக்குள் தலையை விடாது. வாலை முதலில் விட்டுப் பின்பக்கமாகவே நழுவி உள்ளே போய், முகத்தை மட்டும் வெளியே வைத்து முறைக்கும்!

இது சாது. இதன் சொந்தத்தில் விஷக்காரர்கள் இருக்கிறார்கள். மெயகாந்தஸ் இனப் பிளென்னியின் கீழ்த்தாடையில் இரண்டு நீண்ட கோரைப் பற்கள், அவற்றின் அடியில் விஷச் சுரப்பி. பெரிய மீன் ஒன்று இதை விழுங்கினால், வாய்க்குள்ளேயே ஒரு கடி. விழுங்கிய மீன் உடம்பெல்லாம் நடுங்கி, வாயை அகலத் திறந்து அப்படியே வெளியே விட்டுவிடும். பிளென்னி நிதானமாக நீந்திப் போகும்! 2017இல் அந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்த விஞ்ஞானிகள் ஆச்சரியப்பட்டார்கள். மார்ஃபின் போல வேலை செய்யும் ஓபியாய்ட் பொருள் அதில் இருந்தது. எலிக்குச் செலுத்தியபோது அது வலியில் துடிக்கவில்லை, ரத்த அழுத்தம்தான் கிட்டத்தட்ட 40 சதவீதம் சரிந்தது. இந்த விஷப் பிளென்னியையும் தொட்டியில் வளர்க்கிறார்கள், பண்ணையில் குஞ்சு பொரிக்கவும் வைக்கிறார்கள். தொட்டிக்குள் கையை விடும்போது பார்த்து விடுங்கள், அவ்வளவுதான்.

வேஷதாரியும் உண்டு. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கும் துப்புரவு மீன் ஒன்று பவளத்திட்டுகளில் இருக்கிறது. அதற்கு முன்னால் பெரிய மீன்கள் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டும். ஆஸ்பிடான்டஸ் என்ற பிளென்னிக்கும் அதே நீலக் கோடு, அதே நிறம், அதே நடனம்! நம்பி நிற்கும் மீனின் துடுப்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு கம்பி நீட்டிவிடும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று: தண்ணீருக்குள் இருக்க விரும்பாத பிளென்னி! பசிபிக்கின் குவாம் தீவில் ஒரு வகை, வளர்ந்தபின் வாழ்நாளைக் கரைப் பாறையிலேயே கழிக்கிறது. அலைச் சாரலில் உடம்பு நனைந்தால் போதும், வாலை முறுக்கி ஓர் உந்து உந்தினால் அடுத்த பாறை. நம் பக்கமும் பாறை தாவும் பிளென்னிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு, மலபார்க் கரையில் கிடைத்த மீனை வைத்து 1836இல் பெயர் சூட்டினார்கள். மாமல்லபுரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போனால், அலை பின்வாங்கும் நேரத்தில் ஈரப் பாறையில் சட்டென்று எதுவும் துள்ளுகிறதா என்று பாருங்கள். காஞ்சியிலிருந்து மாமல்லபுரம் சுமார் 65 கிலோமீட்டர்தான்.

நம் கரைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. லான்மோவர் பிளென்னிக்கு 1786இல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் பிளாக். அவருக்கு மீன்களைப் பதப்படுத்திக் கப்பலேற்றியவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் ஜான். நன்றிக்காக, நாம் குழம்பு வைக்கும் கத்தாளை மீனின் பேரினத்துக்கே 'ஜோனியஸ்' என்று பெயரிட்டுவிட்டார் பிளாக்! அதேபோல் பாட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை மீன் நூலில், விசாகப்பட்டினத்தில் பிடிபட்ட பாம்பு போன்ற ஒரு மீனின் படம் இருக்கிறது. அரை மீட்டரைத் தாண்டி வளரும் அதுவும் பிளென்னிக் குடும்பம்தான். கடல் மீனைக் கண்ணாடிக்குள் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 1909இலேயே சென்னை மெரினாவில் பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் திறந்தாயிற்று, இந்தியாவிலேயே முதலாவது! இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அதை இடித்துவிட்டார்கள்.

இனி காஞ்சிபுரக் கணக்கு. 100 லிட்டர் கடல்நீர் தயாரிக்க எவ்வளவு உப்பு தெரியுமா? ஏறக்குறைய மூன்றரைக் கிலோ! அண்ணாச்சி கடைக் கல்லுப்பு செல்லாது. மெக்னீசியம், கால்சியம் எல்லாம் அளந்து கலந்த செயற்கைக் கடல் உப்பு வேண்டும். 'மாமல்லபுரத்தில் கேனில் பிடித்து வந்தால் காசு மிச்சம்தானே' என்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்பே குறைந்துவிடும், கரைத் தண்ணீரில் ஊர்க் கழிவு எவ்வளவு என்பதும் யாருக்கும் தெரியாது. போர் தண்ணீரும் அப்படியே ஆகாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டிய பிறகே உப்பைக் கரைக்க வேண்டும். அடர்த்திமானி 1.025 காட்டினால் சரி.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. மே மாதத்தில் தொட்டி நீர் கண்ணுக்கு முன்னால் குறையும். ஆனால் ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு ஒரு துளிகூட வெளியேறாது! குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போகும். ஊற்ற வேண்டியது வடித்த நல்ல தண்ணீர். மீன் கேட்பது 25, 26 டிகிரி, வெளியே வெயிலோ 40 டிகிரி. சின்ன மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். போதாத வீட்டில் சில்லர் வாங்கியே ஆகவேண்டும், மின்கட்டணம் வீட்டுத் தலைவருக்குத் தெரியாமல் இருக்கப் பிரார்த்தியுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பார்த்து கரண்ட்டும் போகும். பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் வீட்டில் இருக்கட்டும்.

தண்ணீர் தயாரான மறுநாளே மீன் விடலாமா? கூடாது! மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பிளென்னிக்கு அதற்கு மேலும் சில மாதம் பொறுத்தால் நல்லது. பாசி வளர்ந்தால்தானே சாப்பாடு!

பவளம்? அங்கேதான் சட்டம் நிற்கிறது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை! கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகளே நீருக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது இருந்தவை 21. கடலிலிருந்து பெயர்த்த 'லைவ் ராக்' துண்டிலும் பவளம் ஒட்டி வரும், யார் நீட்டினாலும் தொடாதீர்கள். பிளென்னிக்குப் பவளமே தேவையில்லை என்பதுதான் எனக்கு இந்த மீனிடம் பிடித்தது. செயற்கைப் பீங்கான் கல், காலிச் சிப்பி, கை நீளத்துக்கு அறுத்த பிவிசி பைப் போதும். அதையே அரண்மனையாக்கிக்கொள்ளும்!

பொந்துக்குள் குடித்தனம் எப்படித் தெரியுமா? முட்டையிட்டதும் அம்மா கிளம்பிவிடுவாள். துடுப்பால் விசிறி, காவல் காத்துக் குஞ்சு பொரிய வைப்பது அப்பா. மத்தியதரைக் கடலின் மயில் பிளென்னியில் சின்ன ஆண்கள் பெண் வேஷம் போட்டு அந்தப் பொந்துக்குள் நுழைந்து, வீட்டுக்காரர் அசந்த நேரம் முட்டைகளில் தங்கள் விந்தைக் கலந்துவிட்டுப் போவதும் நடக்கிறது. இப்படிப் பெருகும் குஞ்சுகள் வீண் போவதில்லை. பவளத்திட்டில் இரையாகும் மீன் நிறையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பிளென்னி, கோபி போன்ற இந்தப் பொடி மீன்களிடமிருந்து வருகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது!

தொட்டிக்கு மூடி கட்டாயம். துள்ளும் பரம்பரை! 100 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஒன்றே ஒன்று விடுங்கள், இரண்டு விட்டால் சண்டை. சென்னை கொளத்தூரிலோ வேறெங்கோ வாங்கும்போது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் கண் முன்னாலேயே தீனி போடச் சொல்லுங்கள். வாயைத் திறக்காத பிளென்னியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சாப்பிடுகிற மீனாக இருந்தால் ஆக்சிஜன் அடைத்த பையில் போட்டு, காஞ்சிக்குப் பஸ் ஏறும்போது வெயில் படாமல் துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் பையைத் தொட்டியில் கவிழ்த்துவிடாமல், காற்றுக் குழாய் வழியே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் பைக்குள் விட்டுப் பழக்குங்கள்.